18 அடி மனையில் ஓர் அப்ரூவல்

கும்பகோணத்தைச் சுற்றியுள்ள ஊர்களில் வீடு கட்டப்போகிறவர் முதலில் ஜோசியரைப் பார்ப்பார். அப்புறம் மேஸ்திரி. பிறகு வங்கி. வங்கியில் "பிளான் அப்ரூவல் எங்கே?" என்று கேட்ட மறுநாள்தான் என்னிடம் வருவார். "நாள் பார்த்துக் கடக்கால் பறிச்சாச்சு சார், அப்ரூவல் மட்டும் வாங்கிக் குடுத்துடுங்க" என்பார். அந்த "மட்டும்" என்பதற்குள் என்னவெல்லாம் இருக்கிறது என்று விளக்குவதிலேயே என் தொழில் பாதி கழிந்துவிட்டது. முப்பது ஆண்டுகளுக்கு மேலாக இந்தப் பக்கத்தில் கட்டட வரைபடம் போட்டு, உள்ளாட்சி அலுவலகங்களில் கொடுத்து, ஆய்வுக்கு வருபவரோடு மனையில் நின்று, அனுமதி வாங்கித் தருகிறேன். அன்று எங்களை 'லைசென்ஸ்டு சர்வேயர்' என்றார்கள். இன்று விதிகளின்படி 'பதிவு பெற்ற பொறியாளர்'. ஊரில் இன்னும் 'பிளான் போடுற சார்' தான்.

வரைபடம்தான் பெரிய வேலை என்று எல்லாரும் நினைக்கிறார்கள். கையால் டிரேசிங் பேப்பரில் ரோட்ரிங் பேனா பிடித்து வரைந்து, அம்மோனியா பிரின்ட் எடுத்துக் கண்ணில் நீர் வழிய நின்ற காலத்திலும் சரி, கணினியில் வரையும் இன்றும் சரி, இந்த வேலையில் சுலபமான பகுதி வரைபடம். கஷ்டம் முழுக்க மனையின் காகிதத்தில். பத்திரம், அதற்கு முந்தைய மூலப்பத்திரம், வில்லங்கச் சான்று, பட்டா, நகரமாக இருந்தால் நகர நில அளவைப் பதிவேட்டின் நகல், கிராமமாக இருந்தால் புலப்படம். இத்தனையும் ஒரே மனையைப் பற்றித்தான் பேசுகின்றனவா என்பதே முதல் கேள்வி.

எங்கள் பக்கத்து அக்ரஹாரத் தெருவிலோ சன்னதித் தெருவிலோ உள்ள ஒரு மனையை எடுத்துக்கொள்ளுங்கள். பழைய பத்திரத்தில் "கிழமேல் ஜாதியடி 18, தென்வடல் ஜாதியடி 130" என்று இருக்கும். மொத்தம் 2,340 சதுர அடி. வீட்டுப் பெரியவர் அதைக் குழிக் கணக்கில் சொல்வார். தஞ்சைப் பக்கத்தில் ஒரு குழி 144 சதுர அடி, ஆகவே பதினாறே கால் குழி. நகர நில அளவைப் பதிவேட்டில் சதுர மீட்டர்; 217.4 என்று இருக்க வேண்டும். அப்படி இருந்து நான் பார்த்தது அபூர்வம். கொஞ்சம் குறைந்திருக்கும், அல்லது பக்கத்து வீட்டின் உட்பிரிவில் ஒரு துண்டு சேர்ந்து கூடியிருக்கும். கிராமத்துப் பட்டாவென்றால் ஹெக்டேர், ஏர் கணக்கு. அதில் கடைசி எண்ணைச் சுற்றி எழுதியதிலேயே ஒரு குளியலறை காணாமல் போயிருக்கும்.

இவற்றுக்கெல்லாம் மேலே, நேரில் போய் டேப் பிடித்தால் நான்காவது அளவு ஒன்று வரும். தெருமுகப்பில் 18 அடி இருக்கும். கூடத்துச் சுவர் பக்கம் பதினேழே முக்கால். கொல்லைக் கோடியில் பதினாறரை. நூறு வருஷத்தில் ஒவ்வொரு தலைமுறையும் கொல்லைச் சுவரை எழுப்பும்போது அரை அடி உள்ளேயோ வெளியேயோ நகர்த்தியிருக்கிறது. அதனால் முகப்பு, நடு, கோடி என்று மூன்று இடத்தில் அகலம் எடுத்து, இரண்டு குறுக்களவும் எடுக்காமல் நான் காகிதத்தில் கோடு போடுவதில்லை. டேப்பின் மறுமுனையை வீட்டுக்காரரையே பிடிக்கச் சொல்வேன். பதினாறரை என்று அவர் கண்ணாலேயே பார்த்துவிட்டால் பிறகு என்னோடு சண்டைக்கு வரமாட்டார். பக்கத்து வீட்டுக்காரரோடு போவார், அது வேறு விஷயம். பத்திரம், பட்டா, தரை என்ற மூன்றில் எது குறைவோ அதைத்தான் அனுமதிக்கு எடுத்துக்கொள்வார்கள். "பத்திரத்துல இருக்கே சார்" என்பது எந்த மேசையிலும் எடுபடாது.

அகலம் தெரிந்ததும் அடுத்தது சுவர். வரிசை வீடுகளில் இரண்டு பக்கமும் பொதுச்சுவர். பத்திரத்தில் "பொதுச்சுவர் பாத்தியம் உள்பட" என்று ஒரே வரியில் எழுதிவிட்டுப் போயிருப்பார்கள். அந்தச் சுவரில்தான் பக்கத்து வீட்டு உத்திரம் ஏறி உட்கார்ந்திருக்கும். நம் ஆள் பழைய வீட்டை இடித்துவிட்டு நாலு மூலையிலும் தூண் போட்டு எழுப்ப வேண்டும் என்பார். தூணுக்கு அடியில் போடும் கான்கிரீட் பரப்பு தூணைவிட அகலமானது. அதில் பாதி பக்கத்து வீட்டுக்குக் கீழே போகும். போகவிடக் கூடாது. அதற்காகத் தூணை உள்ளே தள்ளினால் 18 அடி 15 ஆகிவிடும். ஓரத் தூணையும் உள்தூணையும் ஒரே பட்டையில் கட்டி அடித்தளம் போடலாம், ஆனால் கம்பிச் செலவு கூடும். "மேஸ்திரி அப்படியெல்லாம் வேண்டாம்னாரே" என்பார்கள். மேஸ்திரி பக்கத்து வீட்டில் குடியிருக்கவில்லை.

தொடர் கட்டடப் பகுதி என்று அறிவிக்கப்பட்ட தெருக்களில் பக்கவாட்டில் இடம் விட வேண்டியதில்லை, ஒட்டியே கட்டலாம். தெருவே அப்படித்தான் இருக்கிறது என்பதை விதி ஒப்புக்கொண்ட இடம் அது. ஆனால் அதே அகலமுள்ள மனை அந்தப் பகுதிக்கு வெளியே இருந்தால் பக்கத்தில் இடம் விட்டாக வேண்டும். அங்கேதான் வாஸ்து வந்து நிற்கும். சமையலறை அக்னி மூலையில், மாடிப்படி தென்மேற்கில் என்று ஜோசியர் ஏற்கெனவே குறித்துக் கொடுத்திருப்பார். அவர் குறித்த படிக்கட்டு சரியாக விடவேண்டிய இடத்துக்குள் உட்காரும். நான் வாஸ்துவோடு சண்டை போடுவதில்லை. படியின் திசையை வைத்துக்கொண்டு வளைவை மாற்றிக் கொடுப்பேன். பெரும்பாலும் ஜோசியரும் ஒத்துக்கொள்வார். அவருக்கும் கட்டி முடிந்த வீட்டில் நல்ல பெயர் வேண்டும்.

கோயில் ஊர்களுக்கென்றே ஒரு சிக்கல் உண்டு: அடிமனை. தெருத்தெருவாக நிலம் கோயிலுக்கோ மடத்துக்கோ சொந்தமாக இருக்கும். மேலே உள்ள கட்டடம் மட்டும் குடியிருப்பவருக்கு. தாத்தா காலத்திலிருந்து அடிமனை வாடகை கட்டி வந்திருப்பார்கள், அல்லது கட்டாமல் விட்டிருப்பார்கள். விற்கும்போது "மேல்கட்டடம் மட்டும்" என்றுதான் பத்திரம் ஆகியிருக்கும். வாங்கியவர் அந்த வார்த்தையைப் படித்திருக்க மாட்டார். பட்டா கோயில் பெயரில் இருக்கும்போது இவர் பெயரில் கட்டட அனுமதி கேட்க முடியாது. கோயில் நிர்வாகத்தின் இசைவு வேண்டும், அதற்குப் பாக்கி தீர வேண்டும், அதற்குமுன் வாடகைதாரர் பெயர் மாற வேண்டும். என்னிடம் வந்து, இந்தத் தகவலோடு திரும்பிப்போய், மகள் கல்யாணத்துக்குள் மாடி எழுப்பும் எண்ணத்தையே விட்டவர்கள் உண்டு. அவர்களுக்கு நான் செய்யக்கூடியது, ஆரம்பத்திலேயே உண்மையைச் சொல்லி வரைபடக் கூலியை மிச்சப்படுத்திக் கொடுப்பதுதான்.

தாராசுரம் பக்கம் இன்னொரு வட்டம். ஐராவதேசுவரர் கோயில் மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளது. 2004-இல் யுனெஸ்கோ பட்டியலிலும் சேர்ந்தது. 2010-இல் திருத்தப்பட்ட சட்டப்படி பாதுகாக்கப்பட்ட எல்லையிலிருந்து 100 மீட்டர் வரை புதுக் கட்டடமே கூடாது. பழுதுபார்க்க மட்டும் அனுமதி கேட்கலாம். அதற்கு அப்பால் 200 மீட்டர், ஒழுங்குபடுத்தப்பட்ட பகுதி. அங்கே கட்ட முதலில் தேசிய நினைவுச்சின்னங்கள் ஆணையத்தின் தடையின்மை வேண்டும். 300 மீட்டர் என்பது சிறு ஊரில் பாதி ஊர். பட்டுத்தறி போட்டிருந்த ஓட்டு வீட்டைப் பிள்ளைகளுக்காக மாடிவீடாக்க நினைப்பவரிடம் இதைச் சொல்வது சுலபமல்ல. கோயிலுக்கு இந்தப் பாதுகாப்பு வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அந்த 100 மீட்டருக்குள் மனை வாங்க வருகிறவரிடம் தரகர் யாரும் இதைச் சொல்வதில்லை. என்னிடம் வந்த பிறகுதான் தெரிகிறது.

நஞ்சையில் கல் நட்டு விற்ற மனைகளின் கதை தமிழ்நாடு முழுக்கத் தெரிந்ததுதான். 2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அங்கீகாரமற்ற மனைகளின் பத்திரப்பதிவுக்குத் தடை போட்டது. மறுவருஷம் வரன்முறைப்படுத்தும் விதிகள் வந்தன. 2016 அக்டோபர் 20-க்கு முன் பதிவானவற்றுக்கு வழி கிடைத்தது. அந்தச் சமயத்தில் எங்கள் தொழிலில் எல்லாருக்கும் வேலை இருந்தது. அவ்வளவுதான் அதைப் பற்றிச் சொல்ல விரும்புகிறேன்.

இனி ஆய்வு. நான் தொழிலுக்கு வந்த காலத்தில் நகரமைப்பு ஆய்வாளர் நேரில் வந்து பார்க்காமல் ஃபைல் நகராது. அப்போது ஓர் ஊரில் இருந்த ஆய்வாளரிடம்தான் நான் இந்தத் தொழிலில் பாதியைக் கற்றேன். டி.வி.எஸ். 50-இல் வருவார். இறங்கியதும் வரைபடத்தைப் பார்க்கமாட்டார், அண்ணாந்து பார்ப்பார். மின்கம்பி எங்கே போகிறது? தெருவில் போகும் சாதாரணக் கம்பிக்கும் சரி, 11 ஆயிரம் வோல்ட் கம்பிக்கும் சரி, கட்டடத்திலிருந்து பக்கவாட்டில் 1.2 மீட்டராவது இடைவெளி வேண்டும். கீழ்த்தளம் தள்ளி இருக்கும். முதல் மாடியில் பால்கனி நீட்டும்போது கை எட்டும் தூரத்தில் கம்பி வந்துவிடும். "தம்பி, உங்க பிளான்ல கம்பி இல்லையே. துணி காயப்போடற அம்மாவுக்குப் பிளானா தெரியும்?" என்பார். அதிலிருந்து என் வரைபடத்தில் மின்கம்பம் இல்லாமல் போனதில்லை.

இரண்டாவதாகத் தெருவின் அகலத்தை எடுப்பார். பத்திரத்தில் உள்ளதை நம்பமாட்டார். எதிர்வீட்டுத் திண்ணைக்கு வெளியிலிருந்து இந்த வீட்டுத் திண்ணைக்கு வெளியில் வரை. எத்தனை மாடி, எவ்வளவு பரப்பு என்பதெல்லாம் தெரு அகலத்தைப் பொறுத்தது. மூன்றாவதாகக் கொல்லைக்குப் போய்க் கிணற்றுக்கும் செப்டிக் டேங்குக்கும் நடுவே காலால் அளந்து பார்ப்பார். மழைநீர் சேகரிப்பை மட்டும் அவரால் ஒன்றும் செய்ய முடியவில்லை. 2003-இல் எல்லாக் கட்டடத்துக்கும் அது கட்டாயம் ஆனபின் எல்லா வரைபடத்திலும் மூலையில் ஒரு வட்டம் வந்துவிட்டது. மண்ணில் அந்த வட்டம் எத்தனை வீட்டில் இருக்கிறது என்பது, மாடியிலிருந்து வரும் குழாய் எங்கே போய் முடிகிறது என்று பார்த்தால் தெரியும். முக்கால்வாசி தெருச் சாக்கடையில்.

எல்லா ஆய்வாளரும் அவரைப் போல இல்லை. வராமலே வந்ததாக எழுதியவர்கள் உண்டு. வந்து, வாசலில் நின்றபடியே, வீட்டுக்காரரை விட்டுவிட்டு என் முகத்தைப் பார்த்தவர்களும் உண்டு. "எவ்வளவு சார் ஆகும் உள்ளே?" என்று கட்டுகிறவர்களே முதலில் கேட்டுவிடுகிறார்கள். ரசீது இல்லாத பணத்தை என் கையால் எடுத்துப் போவதில்லை என்று அவர்களிடம் சொல்லிவிடுவேன். சிலர் வேறு ஆளிடம் போனார்கள், அவர்களுக்குச் சீக்கிரம் கிடைத்தது. அதையும் மறைக்கவேண்டியதில்லை.

ஆய்வு என்பது சடங்கு என்று நினைப்பவர்களுக்கு எங்கள் ஊரில் ஒரு பதில் உண்டு. 2004 ஜூலை 16-ஆம் தேதி காசிராமன் தெருவில் ஒரு பள்ளிக் கட்டடத்தில் சமையற்கூடத்துத் தீ கூரைக்குப் பரவியது. 94 குழந்தைகள். குறுகலான மாடிப்படி, மேலே கீற்றுக்கூரை, ஒரே கட்டடத்துக்குள் ஒன்றுக்கு மேற்பட்ட பள்ளிகள். குற்றம் சாட்டப்பட்டவர்களில் பள்ளி நடத்தியவர்களும் அரசு அலுவலர்களும் மட்டும் இல்லை. ஒரு பொறியாளரும் இருந்தார். அன்றுவரை 'கட்டட உறுதிச் சான்று' என்பது பள்ளி அங்கீகாரம் புதுப்பிக்கக் கேட்கும் நாலு காகிதத்தில் ஒன்று. வட்டாட்சியரின் கட்டட உரிமம், தீயணைப்புத் துறையின் தடையின்மை, சுகாதாரச் சான்று, அவற்றோடு இது. தாளாளர் வீட்டுக்கு வரவழைத்து, காபி கொடுத்து, கையெழுத்து வாங்கியவர்கள் இருந்தார்கள். அந்த வருஷத்துக்குப் பிறகு இந்த வட்டாரத்தில் பேனாவைத் திறக்க எல்லாருக்கும் கை தயங்கியது. நான் பள்ளிக்குச் சான்று தரும்போது, வகுப்புகள் நடக்கும் வேலைநாளில்தான் போவேன். காலியான கட்டடத்தில் படி அகலமாகத்தான் தெரியும். மணி அடித்து அத்தனை பிள்ளைகளும் ஒன்றாக இறங்கும்போது நின்று பார்க்க வேண்டும். கதவு எந்தப் பக்கம் திறக்கிறது, இரண்டாவது படிக்கட்டைப் பூட்டி உள்ளே உடைந்த பெஞ்சு அடுக்கியிருக்கிறார்களா என்பதெல்லாம் அப்போதுதான் தெரியும்.

2019 பிப்ரவரியில் தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் வந்தன. அதற்குமுன் மாநகராட்சிக்கு ஒரு விதி, நகராட்சிக்கு ஒன்று, ஊராட்சிக்கு 1997-ஆம் வருஷத்து விதி என்று ஊர் எல்லையைத் தாண்டினால் கணக்கே மாறும். தெருவின் இந்தப் பக்கம் நகராட்சி, அந்தப் பக்கம் ஊராட்சி என்ற இடங்களில் எதிரெதிர் வீட்டுக்காரர்கள் இருவருக்கும் இரண்டு சட்டம். அதை ஒன்றாக்கியது நல்ல காரியம். சாதாரணக் கட்டடங்களுக்கு, மனைப்பரப்பில் எத்தனை மடங்கு கட்டலாம் என்று சொல்லும் தளப்பரப்புக் குறியீடு 1.5-லிருந்து 2 ஆனதும் சிறு மனைக்காரர்களுக்கு உதவியது. 12 மீட்டர் உயரத்துக்குள் உள்ள சிறு வீடுகளுக்குப் பணிமுடிவுச் சான்று வேண்டாம் என்றும் அந்த விதிகள் சொல்லின. அதன் பிறகு வந்த ஒற்றைச் சாளர இணையதளம் அலைச்சலைக் குறைத்தது. வரைபடத்தில் கோடு தப்பினால் மென்பொருளே திருப்பி அனுப்பிவிடும். புதிய தொல்லை ஓ.டி.பி. தான். விண்ணப்பத்தில் மகனின் எண்ணைக் கொடுத்திருப்பார்கள். மகன் சிங்கப்பூரில் ஷிப்டில் இருப்பார். அப்பா என் எதிரில் உட்கார்ந்து அவர் தூங்கி எழும் நேரத்தைக் கணக்குப் போடுவார்.

2024 ஜூலை 22 அன்று சுயசான்று முறை வந்தது. 2,500 சதுர அடிக்குள் மனை, 3,500 சதுர அடிக்குள் கட்டடம், தரைத்தளம் அல்லது அதோடு ஒரு மாடி என்றால் ஆவணங்களை ஏற்றிக் கட்டணம் கட்டியதும் அனுமதி கையில். முன்ஆய்வு இல்லை, பரிசீலனைக் கட்டணம் இல்லை, பணிமுடிவுச் சான்றும் வேண்டாம். மேலே சொன்ன 2,340 சதுர அடி மனை இதற்குள் அடங்கும். சாமானியர்கள் அலைந்த அலைச்சலைப் பார்த்தவன் என்ற முறையில் இதை நான் வரவேற்கிறேன். வாசலில் நின்று என் முகத்தைப் பார்த்தவர்களுக்கு இனி அந்த வேலை இல்லை.

ஆனால் டி.வி.எஸ். 50-இல் வந்தவருக்கும் வேலை இல்லை. வீட்டுக்காரருக்குக் காசில்லாமல் கிடைத்துவந்த இரண்டாவது கண் அது. நான் பார்க்கத் தவறியதை அவர் பார்ப்பார் என்று ஒரு தைரியம் இருந்தது; இப்போது நான் பார்ப்பதோடு சரி. இணையதளம் பட்டாவைப் பார்க்கும். பட்டாவில் இல்லாத மின்கம்பியையும், கொல்லையில் குறைந்த ஒன்றரை அடியையும், பொதுச்சுவரில் ஏறிய உத்திரத்தையும் அதனால் பார்க்க முடியாது. தவறான விவரம் கொடுத்திருந்தால் அனுமதி ரத்தாகும் என்று விதி இருக்கிறது. ரத்தாகும்போது வீடு ரூஃப் மட்டம் தாண்டியிருக்கும்.

இதற்கிடையில், மனைக்கே போகாமல் வாட்ஸ்அப்பில் பத்திரத்தை வாங்கி, இருப்பு வரைபடம் ஒன்றில் பெயரை மாற்றி, மலிவான கட்டணத்தில் அப்ரூவல் எடுத்துத் தரும் ஆட்களும் வந்துவிட்டார்கள். என்னிடம் கூலியைக் கேட்டுவிட்டு, "அவர் இதுல பாதிதான் சார் கேட்கிறார்" என்பவர்களிடம் நான் பேரம் பேசுவதில்லை. அவர் மனைக்கு வந்தாரா என்று மட்டும் கேட்பேன். அநேகமாகப் பதில் வராது.

வீடு கட்டப்போகிறவர்களுக்குச் சொல்ல ஒன்றே ஒன்றுதான். சுயசான்றில் பொறியாளரோடு சேர்ந்து நீங்களும் உறுதிமொழி கொடுக்கிறீர்கள். மனையின் அளவும் உரிமையும் சரி என்று சொல்வது நீங்கள். அதைத் தமிழில் முழுக்கப் படித்துக்காட்டச் சொல்லுங்கள். உங்கள் பொறியாளர் கொல்லைக் கோடிவரை டேப் பிடித்திருக்கிறாரா என்று பாருங்கள். பிடிக்கவில்லை என்றால் ஓ.டி.பி.யைச் சொல்லாதீர்கள்.